பிறகு அவர்கள் ஏன் சண்டையிடவில்லை? வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த வரலாற்று ஆசிரியர்களுக்கு,

புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உங்களைப் போலவே சாக்பீஸும் கையுமாக வகுப்புக்குப் போய் வந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது ஒரு மாணவனுக்குச் சொன்ன தவறான பதில் இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதைத் திருத்திக்கொள்ள அவன் இப்போது எதிரில் இல்லை. உங்கள் எதிரில் அவனைப் போன்ற மாணவர்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

பத்தாம் வகுப்பு. இரண்டாம் உலகப் போரை முடித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், பிரான்ஸும் ஜெர்மனியும் 1870ல சண்டை, 1914ல சண்டை, 1939ல சண்டை. அதுக்கப்புறம் ஏன் சார் அவங்க சண்டை போடலை?" மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "களைச்சுப் போயிட்டாங்கப்பா" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

களைப்புதான் காரணம் என்றால் 1918லேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது. ஜெர்மனி இழந்தது ஏறத்தாழ 20 லட்சம் பேர். வெர்தன் போர்க்களத்தில் மட்டும் பத்து மாதத்தில் இரு தரப்பிலுமாக மூன்று லட்சம் பேர் செத்தார்கள். அதைவிடக் களைப்பு ஒரு தலைமுறைக்கு வர முடியாது. ஆனாலும் 21 ஆண்டுகளில் மறுபடி துப்பாக்கி தூக்கினார்கள்.

சமாதானத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லாமலும் இல்லை. 1925இல் லொகார்னோவில் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் பிரியாண்டும் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெசமானும் உடன்பாடு கண்டார்கள். மறு ஆண்டே இருவருக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே 1926இல் இரு நாட்டு உருக்காலை முதலாளிகளும் பெல்ஜியம், லக்சம்பர்க் முதலாளிகளோடு சேர்ந்து உற்பத்தியைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல எண்ணமும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. இரண்டும் 1939ஐத் தடுக்கவில்லை. ஆகவே அந்த மாணவனுக்கு நான் தந்திருக்க வேண்டிய பதில் வேறு எங்கோ இருக்கிறது.

இதெல்லாம் நமக்குத் தொலைவான கதை என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பகையின் அலை நம் கரைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து நமக்கு வந்ததுதான். அடுத்த மாதம் அதே கப்பல் பினாங்கு அருகே மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலை மூழ்கடித்தது. கடலில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றியதும் எம்டன்தான். எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் நிற்கும் போர் நினைவுச் சின்னம், அந்தப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்கு எழுப்பியது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' குடும்பங்கள் உள்ள தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஜெர்மனி என்பது நெடுங்காலம் எதிரியின் பெயராகவே இருந்தது.

சரி, பதிலுக்கு வருவோம். வரைபடத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். ஜெர்மனியில் ரூர் பள்ளத்தாக்கு, அங்கே நிலக்கரி. பிரான்ஸின் கிழக்கே லொரேன், அங்கே இரும்புத்தாது. உருக்கு காய்ச்ச இரண்டும் வேண்டும். லொரேன் தாதுவுக்கு ரூரின் கரி தேவை. உருக்கு இருந்தால்தான் பீரங்கி. 1871இல் ஜெர்மனி அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் பிரான்ஸ் அவற்றைத் திரும்பப் பெற்றதோடு, எல்லையோர ஜெர்மானியப் பகுதியான ஸார்லாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களையும் 15 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொண்டது. ஜெயித்தவன் தோற்றவனின் சுரங்கத்தை எடுப்பது, தோற்றவன் அதை மனத்தில் வைத்திருந்து அடுத்த போருக்குத் தயாராவது என்று இதுவே வழக்கமாகிவிட்டது.

1923ஐ நாம் வகுப்பில் எப்படி நடத்துகிறோம்? தள்ளுவண்டியில் பணத்தை அள்ளிக்கொண்டு போன ஜெர்மானியர் படத்தைக் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்தப் பணவீக்கத்துக்கு உடனடிக் காரணம் இந்த நிலக்கரிதான். இழப்பீடாகத் தர வேண்டிய கரியும் மரமும் பாக்கி விழுந்ததென்று அந்த ஜனவரியில் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூருக்குள் புகுந்தன. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலை நிறுத்தியவர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மானிய அரசு நோட்டு அச்சடித்தது. மார்ச் 31 அன்று எஸ்ஸன் நகரில் க்ருப் ஆலை வாசலில் பிரெஞ்சு வீரர்கள் சுட்டதில் 13 தொழிலாளர்கள் செத்தார்கள். நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். பிரான்ஸுக்கு வேண்டிய கரி கிடைத்ததா? பறிக்கப் போன பொருளைவிடப் பகைதான் அதிகம் கையில் வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1945க்குப் பிறகும் பிரான்ஸ் முதலில் பழைய பாதையிலேயே காலெடுத்து வைத்தது. ஸார்லாந்தை ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தன் பாதுகாப்பில் வைத்து, பிராங்க் நாணயத்தைப் புழக்கத்தில் விட்டது. ரூரின் கரியை யாருக்கு எவ்வளவு என்று பங்கிட, ஜெயித்த நாடுகள் தனி ஆணையம் அமைத்தன. இன்னொரு 1923க்கு வேண்டிய சாமான் எல்லாம் தயாராக இருந்தது.

அங்கே குறுக்கே வந்தவர் ராபர்ட் ஷூமான். இந்த மனிதரின் வாழ்க்கையை மாணவர்களிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அவருடைய தந்தை லொரேன்காரர். பிரெஞ்சுக்காரராகப் பிறந்தவர், 1871இல் ஊர் கைமாறியதால் ஜெர்மானியர் ஆனார். ஷூமான் 1886இல் லக்சம்பர்க்கில் ஜெர்மானியக் குடிமகனாகப் பிறந்தார். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்து மெட்ஸ் நகரில் வழக்கறிஞரானார். 1919இல் ஊர் மறுபடி கைமாற, 33 வயதில் பிரெஞ்சுக்காரர் ஆகி பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே போனார். 1940இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவரைப் பிடித்தது. 1942இல் தப்பி, மடாலயங்களில் ஒளிந்திருந்தார். எல்லைக்கோடு நகரும்போது ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1950 மே 9. ஷூமான் அப்போது பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர். அன்று காலை அவருடைய தூதர் ஒருவர் கடிதத்தோடு மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானுக்குப் போனார். அங்கே அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்த சான்சலர் கோன்ராட் அடனாவர் அதைப் படித்துவிட்டு அன்றே சம்மதம் சொல்லி அனுப்பினார். அதன் பிறகே பாரிஸில் பிரெஞ்சு அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மாலையில் ஷூமான் பத்திரிகையாளர்கள் முன் அறிக்கையை வாசித்தார். வரைவின் பின்னால் இருந்தவர் ஜான் மொனே, கோன்யாக் ஊரின் பிராந்தி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அறிக்கையின் கருத்து எளியது: இரு நாடுகளின் நிலக்கரியும் உருக்கும் இனி ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வரும், விரும்பிய பிற நாடுகளும் சேரலாம், இப்படி ஆனபின் இருவருக்கும் இடையே போர் நினைத்தாலும் முடியாததாகிவிடும். போர் முடிந்து அன்றைக்கு ஐந்து ஆண்டும் ஒரு நாளும்தான் ஆகியிருந்தது.

இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் சேர, 1951 ஏப்ரல் 18இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. உலகப் போர்களின் கதையை உயிரோட்டமாகச் சொல்லும் நாம் இந்த இடம் வந்ததும் 'நிலக்கரி எஃகுச் சமூகம் 1951' என்று இரண்டு மதிப்பெண் வினாவாக்கிக் கடந்துவிடுகிறோம். அதன் உள்ளே போய்ப் பாருங்கள். ஆலைகள் தங்கள் விலைப்பட்டியலை வெளியே அறிவித்தாக வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, பக்கத்து நாட்டுக்காரனுக்கு ஒரு விலை என்று விற்கக் கூடாது. அதற்கு முன்பு ஜெர்மனி தன் கரியை வெளியே கூடுதல் விலைக்குத்தான் விற்றுவந்தது. பொது அதிகாரத்துக்குச் செலவுக்குப் பணம் வேண்டுமே? உற்பத்தியின் மீது அதுவே தீர்வை வசூலித்தது, எந்த நாட்டின் கஜானாவையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. தகராறு வந்தால் போவதற்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. அந்தத் தீர்வைப் பணமும் கடனும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வீடாகவும் திரும்பி வந்தன. 1926 முதலாளிகளின் ஒப்பந்தத்தில் இல்லாதது இதுதான். அங்கே சிலர் லாபத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இங்கே இரண்டு அரசுகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டிப் பொதுவில் வைத்தன. ஒருவன் கணக்கு மற்றவன் கண்ணில் படாமல் பீரங்கி வார்க்க வழியில்லை.

ஸார்லாந்துதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அதைப் பாடநூல்கள் அநேகமாகத் தொடுவதில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அது தனி நாடாக அணிவகுத்தது. 1954 உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனியையே எதிர்த்து ஆடியது. அதை ஐரோப்பியப் பொறுப்பில் ஒரு தனிப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்று பாரிஸும் பானும் உடன்பட்டு, 1955 அக்டோபர் 23இல் அங்குள்ள மக்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலானவர்கள் வேண்டாம் என்றார்கள். பிரான்ஸ் நினைத்திருந்தால் இழுத்தடித்திருக்கலாம். இழுத்தடிக்கவில்லை. 1957 ஜனவரி 1 அன்று ஸார்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்தது. பிரான்ஸ் அதைச் சும்மாவும் விட்டுவிடவில்லை, பேரம் பேசியது. லொரேன் ஆலைகளுக்குப் பெரிய படகுகளில் சரக்கு வந்து போக மொசெல் ஆற்றைக் கால்வாயாக்கித் தர வேண்டும் என்று கேட்டது. ஜெர்மனி ஒப்புக்கொண்டது. 1964இல் அந்த நீர்வழி திறந்தது. எண்பது வருஷத்துக்கும் மேலாகப் பீரங்கியால் தீராத சுரங்கத் தகராறு ஒரு வாக்கெடுப்பிலும் ஒரு கால்வாயிலும் தீர்ந்தது. இதைச் சொல்ல ஒரு பீரியட் தாராளமாகத் தகும்.

அந்த இரு நாடுகளும் இடங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். 1871இல் பிரஷ்யர்கள் தங்கள் பேரரசை அறிவித்தது வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். 1919இல் பிரான்ஸ் அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்திட வைத்தது. 1918இல் ஜெர்மனி போர்நிறுத்தத்துக்குப் பணிந்த அதே ரயில் பெட்டியைத் தேடி எடுத்து, 1940இல் ஹிட்லர் பிரான்ஸைப் பணிய வைத்தான். அவமானத்துக்கு அவமானம் என்று ஒவ்வொரு இடத்திலும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் 1962 ஜூலை 8இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சார்ல் தெ கோலும் அடனாவரும் ரான்ஸ் நகரின் பேராலயத்தில் அருகருகே நின்று வழிபட்டார்கள். 1914இல் ஜெர்மானியப் பீரங்கிகள் எரித்த கோவில் அது. 1945 மே 7இல் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்திட்டதும் அதே ஊரில்தான். தெ கோலுக்கு அப்போது 71 வயது, அடனாவருக்கு 86. தெ கோல் முதல் போரில் வெர்தனில் காயம்பட்டுச் சிறைப்பட்டவர். பழி தீர்க்க அந்த ஊரில் எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் அங்கே போனது சேர்ந்து நிற்பதற்காக.

1963 ஜனவரி 22இல் எலிசே உடன்படிக்கை. படித்துப் பார்த்தால் கவிதை எதுவும் இருக்காது. தலைவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திக்க வேண்டும், வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கல்விக்கும் இளைஞர் நலனுக்கும் பொறுப்பானவர்கள் இன்ன இடைவெளியில் என்று ஒரு கால அட்டவணை, அவ்வளவுதான். கையெழுத்தான சில மாதத்திலேயே அதற்கு உயிர் போன மாதிரி ஆயிற்று. ஜெர்மன் நாடாளுமன்றம் அமெரிக்கா, நேட்டோ, பிரிட்டன் உறவுகளை வலியுறுத்தி முகவுரை ஒன்றைச் சேர்த்துவிட, தெ கோலுக்கு மனம் கசந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அடனாவர் பதவி விலகினார். ஆனால் அட்டவணை ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரை ஒருவர் பிடிக்காத தலைவர்கள் வந்தபோதும் தேதி வந்தால் சந்தித்தே ஆக வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு இது புரியும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பீரியட் மணி அடித்தால் வகுப்புக்குப் போகத்தான் வேண்டும், போகப் போகத்தான் பாடம் நடக்கும்.

அந்த ஆண்டே தொடங்கிய இரு நாட்டு இளைஞர் அலுவலகம் இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அங்கும் இங்கும் அனுப்பி வைத்திருக்கிறது. இளம் வயதில் பழைய எதிரி நாட்டில் சில நாள் தங்கி, அவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தவர்கள் இத்தனை பேர். என்னைக் கேட்டால் உடன்படிக்கையின் மிகப் பெரிய சாதனை இதுவே. இரு நாடுகளும் சேர்ந்து உருவாக்கிய ஏர்பஸ் விமானம்கூட இதற்கு அடுத்ததுதான். 1969இல் பிரிட்டிஷ் அரசு அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்ட பின்னும் பிரான்ஸும் ஜெர்மனியும் கைவிடாமல் பிடித்து நின்றதால்தான் 1972 அக்டோபரில் தூலூஸில் முதல் ஏ300 மேலெழும்பியது.

இதை இனிப்பான கதையாக மட்டும் நடத்திவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1944 ஜூன் 10 அன்று ஒராதூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் எஸ்.எஸ். படை 640க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்து எரித்தது. 1953இல் போர்தோ நீதிமன்றத்தில் நின்ற குற்றவாளிகளில் பெரும்பான்மையோர் அல்சாஸ்காரர்கள். ஜெர்மனி அல்சாஸை விழுங்கியிருந்த காலத்தில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லி, தண்டனை பெற்ற சில நாட்களிலேயே அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. ஒராதூர் மக்கள் தங்கள் சொந்த அரசு தந்த பதக்கத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு ஜெர்மானியக் குடியரசுத் தலைவர் அந்தக் கிராமத்துக்கு வந்து நிற்க 2013 வரை, 69 ஆண்டுகள் ஆயின. எரிந்த ஊரை இன்றும் இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். வியாபாரம் வளர்ந்தது என்பதற்காக அதை யாரும் மூடி மறைக்கச் சொல்லவில்லை.

நம் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. 2003இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர் நாடாளுமன்றம், எங்களுக்கு ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது. இரு நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். 2006, 2008, 2011 என மூன்று தொகுதிகள் வந்தன, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒரே உள்ளடக்கம். தேர்வுமுறைகள் வேறு வேறாக இருப்பதால் வகுப்பறைகளில் அது பெரிதாகப் பரவவில்லை. அதற்காக எனக்கு அதன்மேல் மதிப்புக் குறையவில்லை. வெர்தனில் ஒருவரை ஒருவர் கொன்றவர்களின் கொள்ளுப்பேரர்களால் வெர்தனைப் பற்றி ஒரே பக்கத்தைப் படிக்க முடிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராஸ்பூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு காலை, சாமான் வாங்கப் போகலாம் மாமா என்று அழைத்தார்கள். டி வழித்தட டிராமில் ஏறினோம். துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்த பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய், காதில் பாட்டோடு பிள்ளைகள். டிராம் ஒரு பாலத்தில் ஏறியது. கீழே அகலமாக, சாம்பல் நிறத்தில் தண்ணீர். "இதுதான் ரைன்" என்றாள் உறவுக்காரப் பெண். நான் எழுந்து நின்றுவிட்டேன். வேறு யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. இறங்கிய ஊர் கேல், ஜெர்மனி. சோப்பும் பற்பசையும் சலவைத்தூளும் அங்கே மலிவு. வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிரான்ஸ் திரும்பிவிட்டோம். எத்தனை தலைமுறை இந்த ஆற்றங்கரையில் பீரங்கியோடு காவல் இருந்தது என்று முப்பது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு அந்தச் சலவைத்தூள் பை கையில் கனத்தது.

அந்த டிராம் கேலுக்கு வந்தது 2017இல்தான். 2020 மார்ச்சில் கொரோனா தொற்று பரவியபோது ஜெர்மனி எல்லையை மூடியது, டிராம் ஆற்றைத் தாண்டவில்லை. அதே வாரங்களில் அல்சாஸ் மருத்துவமனைகளில் இடமில்லாமல் தவித்த நோயாளிகளை ஜெர்மானிய மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. இரண்டும் நடந்தது. ஜூன் 15இல் எல்லை திறந்தது. இன்றும் அணு மின்சாரம், கடன், ஆயுதத் தயாரிப்பு என்று சச்சரவுக்குக் குறைவில்லை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி அணு உலைகளை மூடியது, பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணு உலையிலிருந்தே வருகிறது. மேசையில் உட்கார்ந்து கத்திக்கொள்கிறார்கள். படையை நகர்த்துவோம் என்ற பேச்சு மட்டும் எந்த வாயிலிருந்தும் வருவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. ஜனவரி 22ஐ அந்த இரு நாட்டுப் பள்ளிகளும் பிரெஞ்சு-ஜெர்மானிய நாளாக நடத்துகின்றன. பத்தாம் வகுப்புக்கு அது திருப்புதல் தேர்வுக் காலம் என்று தெரியும். முடியாவிட்டால் வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரை முடித்த கையோடு கரும்பலகையைத் துடைத்துவிடாமல் ரூர், லொரேன், ஸார்லாந்து, மொசெல் என்று நான்கு பெயரை எழுதி அந்த இரண்டு நாடுகளும் ஏன் சண்டையிடவில்லை என்று நீங்களே கேளுங்கள். களைத்துப் போனார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், 1918லும் களைத்திருந்தார்களே என்று திருப்பிக் கேளுங்கள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மட்டும் தொடங்காதீர்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்